மாடம்மாளின் காருக்கு எந்த பிரைமர்

பிப்ரவரி 16

காரை ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோனோம். வண்டிக்குப் பதினைந்து வயசு முடிந்தது, பதிவைப் புதுப்பிக்கணும். இன்ஸ்பெக்டர் குனிந்து கதவுக்கு அடியில் சாவியால் ஒரு குத்து குத்தினார். துரு பொலபொலவென்று கொட்டியது. மார்ச் பத்தாம் தேதி சரியாக்கிக் கொண்டுவா, இல்லையென்றால் வேண்டாம் என்றுவிட்டார்.

மகன் உமாசங்கர் ஷார்ஜாவிலிருந்து பேசினான். பழைய இரும்பு வாங்குகிற ஆக்கருக்குப் போட்டிருங்கப்பா என்கிறான். கார் என் வீட்டுக்காரி மாடம்மாளுடையது. அறுபத்தொரு வயசில், மூன்றாவது தடவையில் வண்டியை 'எச்' வடிவில் ஓட்டிக்காட்டி லைசென்ஸ் வாங்கினவள். மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற அக்காவைப் பார்க்கத் தானே ஓட்டிக்கொண்டு போகணும் என்று ஒரே நினைப்பு. மத்தியானச் சோற்றுக்குக் குழம்பில் உப்பில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 17

ஒர்க்ஷாப்பில் ஏப்ரலுக்கு முன்னே முடியாதாம். சரி, நானே அடிக்கிறேன். நாற்பத்திரண்டு வருஷம் கேட்டுக்கும் கிரில்லுக்கும் பெயிண்ட் அடித்த கைதானே. எழுபத்தொன்பதாம் வருஷம் கரமனையில் அடித்த முதல் கேட்டுக்கு எத்தனை கம்பி என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். முப்பத்தாறு. எழுத்துத்தான் தெரியாது. இதுகூட பேத்தி அஸ்வதி போனில் வைத்துத் தந்தது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது.

சாலைக் கடைத்தெருவில் பெயிண்ட்டுக் கடை மைதீனிடம், அடிப்பூச்சுக்கு ரெட் ஆக்ஸைடு பிரைமர் கேட்டேன். எதுக்கு அண்ணாச்சி என்றான். என்னிடமா கேட்கிறான்? கேட்டுக்கு என்றேன்.

பிப்ரவரி 20

ஓட்டை விழுந்த இரண்டு இடத்தில் வெல்டிங் வேலப்பன் தகடு வைத்துத் தந்தான். துருவைச் சுரண்டி, கதவு நாலுக்கும் அடிப்பக்கத்துக்கும் ரெட் ஆக்ஸைடு இரண்டு கை. வழுவழுவென்று இருக்கிறது. கார் இடுப்புக்குக் கீழே சிவப்பு வேட்டி கட்டினதுபோல என்று மாடம்மாள் சொன்னாள். குழம்பில் உப்பு திரும்பி வந்தாயிற்று.

பிப்ரவரி 22

காய்கிறது. இன்னும் காய்கிறது.

பிப்ரவரி 25

போச்சு.

வெள்ளைக் கார் பெயிண்டில் தின்னர் கலந்து, வாடகைக் கம்ப்ரசர் வைத்து அடித்தேன். கண்ணுக்கு முன்னாலேயே அடியிலிருந்து சுருங்கிக் கிளம்புகிறது — ஊதின பாலில் ஆடை சுருளுகிற மாதிரி. ஒரு கதவு, ரெண்டாவது கதவு, நாலும். ஏன்? ஒரு கேட்டாவது எனக்கு இப்படிச் செய்திருக்கா?

மாடம்மாள் வந்து பார்த்தாள். "மைதீன்கிட்ட கேட்டுக்குன்னுதானே சொன்னிய" என்றாள்.

அப்படியானால் நான் பேசிவைக்கிறதையெல்லாம் எடுத்து வாசிக்கிறாள்.

பிப்ரவரி 26

மைதீனிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்தான், ஆனால் மரியாதையாகச் சிரித்தான். கேட்டுக்கு அடிக்கிற பிரைமர் கார் தின்னரைத் தாங்காதாம், கரைந்து சுருண்டுவிடுமாம். இப்போது இரண்டு வழி. ஒன்று, சுருங்கினதை மட்டும் தேய்த்து, மேலே புட்டி மாவு இழுத்து மூடுவது.

"இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு நிக்கும் அண்ணாச்சி. ஜூன்ல இடவப்பாதி மழைக்கு நிக்காது."

இன்னொன்று, எல்லாவற்றையும் இரும்பு தெரியச் சுரண்டி எப்பாக்சி பிரைமர் போடுவது. இரண்டு டின், கலந்து அடிக்கணும். இரும்பு தெரிந்த அன்றைக்கே அடிக்கணும், இல்லையென்றால் கடல்காற்றில் மறுபடி துரு பூத்துவிடும்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். மூடி வைத்த துருமேல் அவளை உட்கார வைத்து மலை ஏற்றுகிறதா? திரும்பிப் போய் எப்பாக்சி வாங்கினேன். டின்னில் எழுதியிருந்ததை மைதீன் ஒரே ஒரு தடவை வாசித்தான். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 28

நேற்று முழுக்கச் சுரண்டி ஒரே ஒரு கதவு. இன்று காலையில் பார்த்தால் அதில் மஞ்சளாகத் துரு பூத்திருக்கிறது. நாலு கதவையும் அடிப்பக்கத்தையும் ஒரே பகலில் சுரண்டணும். இருக்கிறது நான் ஒருத்தன், அதிலும் ஒரு தோள்தான் வேலை செய்கிறது.

ஷார்ஜாவுக்குப் போன் போட்டு ஆக்கருக்கே கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிடட்டுமா?

மார்ச் 1

சொல்லவில்லை. மாடம்மாள் வெறுமனே வண்டிக்குள் உட்கார்ந்து கியர் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 2

நாளைக்கு ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்கலை, பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்குவார்கள். மணக்காட்டில் எங்கள் சந்து நிறைய நேற்றே அடுப்புக்கல் வைத்து இடம் பிடித்துவிட்டார்கள். எங்கள் வாசலில் மட்டும் பதினோரு பெண்கள். நாளைக் காலை வரைக்கும் செங்கல்லுக்குக் காவல் இருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு ஜோலி இல்லை. நான் சுரண்டுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஷீனா என்பவள்தான் முதலில் எழுந்தாள். "அப்பூப்பா, அந்த உப்புத்தாள் ஒண்ணு இங்கே தா. கண்டோண்டு இருக்கான் வய்யா." இந்தத் தாத்தா படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லையாம்.

பிறகு ஒவ்வொருத்தியாக. ஒரு கதவுக்கு இரண்டு பேர், அடிப்பக்கத்துக்கு மூன்று பேர் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு. நான் இங்கே அழுத்து, அங்கே விடு என்று சொல்லப்போக, அப்பூப்பனுக்குத் தோள்தான் வலி, நாக்குக்கு ஒண்ணுமில்லை என்று ஒருத்தி சொன்னாள். மாடம்மாள் பால் விடாத கட்டன்சாயா போட்டு மாளவில்லை. ரொம்பச் சிரித்ததும் அவள்தான்.

மூன்று மணிக்கு இடுப்புக்குக் கீழே கார் முழுக்க வெள்ளி. பெரிய டின்னில் நாலு அளவு, சின்னதில் ஒன்று, அரைமணி நேரம் அப்படியே விட்டு, பிறகு அடித்தேன். எட்டப் போங்கள் என்று சொன்னதற்கு நாலடி போனார்கள். இருட்டுமுன் முடிந்தது. எருமைக்கன்று நிறம்.

மார்ச் 3

பொங்கலை. சந்தே புகை. பிரைமர்மேல் சாம்பல் விழுந்தது. துணியால் தட்டினேன், போயிற்று. அடியில் கல்லுபோலக் காய்ந்திருக்கிறது. பதினோரு அடுப்புப் பாயசமும் குடித்தாயிற்று. சுகர் மாத்திரை இரண்டு.

மார்ச் 6

வெள்ளை அடித்தேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். சுருங்கவில்லை.

மார்ச் 10

இன்ஸ்பெக்டர் அதே இடத்தில் சாவியால் குத்தினார். மூன்று குத்து. ஆரு பெயிண்ட் அடிச்சது என்றார். நானும் பதினோரு பொம்பளைகளும் சார் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஹாரன் சத்தம் போதாது, மாற்று என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 15

போனக்காட்டுக்குப் போகிற வழியில் விதுரை தாண்டியாயிற்று. மாடம்மாள் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில். ரெண்டு பக்கமும் காடு. இங்கே ரெண்டாவது கியரில் போனால் நல்லது என்று சும்மாதான் சொன்னேன்.

"ஓட்டத் தெரியாதவிய பேசப்படாது. அந்தப் போனை வையுங்க, வளைவு வருது" என்கிறாள்.

வைக்கிறேன்.