கல்லில் மட்டும் செத்தவன்

அக்கா,

இன்று காலை, இன்னோர் அமெரிக்கக் குடும்பத்தின் வேரைத் தேடி, தேம்ஸ் பக்கத்துப் பழைய தேவாலயம் ஒன்றுக்குள் போனேன். ஈரக் கல்லும் மெழுகும் கலந்த அந்த மணம் முகத்தில் அடித்தது. உங்களிடம் ஏதோ சொல்லத் திரும்பிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

நாம் சேர்ந்து செய்த இந்த மூதாதையர் தேடும் வேலையில் ஒரு நாள் மட்டும் என்னை விட்டுப் போவதில்லை. பல தலைமுறைகளுக்கு முன் கப்பலேறி அமெரிக்காவில் குடியேறிய ஒருவனின் பெற்றோரைத் தேடித் தரும்படி, அவன் வழிவந்த பெண்ணொருவர் கேட்டிருந்தார். அலைந்து அலைந்து கடைசியில் இதேபோன்ற ஒரு தேவாலயத்துக்குள் அவர்களின் கல்லறையைக் கண்டோம். தாயும் தகப்பனும் எதிரெதிரே முழந்தாளிட்டிருக்க, கீழே வரிசையாகப் பிள்ளைகளின் சிற்பங்கள், பெயர்களோடு. நம்முடைய ஆளும் இருந்தான். அவன் கையில் மட்டும் ஒரு சின்ன மண்டையோடு.

"ஏனக்கா இவனுக்கு மட்டும்?"

"தாய் தகப்பனுக்கு முந்திச் செத்த பிள்ளையளுக்கு இப்பிடித்தான் செதுக்குறவை" என்றீர்கள்.

அவனோ அப்போது கடலுக்கு அப்பால் காடு வெட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை குட்டி பெற்று, கிழவனாகித்தான் செத்தான். செய்தி வராததால் வீட்டார் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, அவன் செத்துவிட்டான் என்று கல்லிலேயே எழுதிவிட்டார்கள்.

நீங்கள் குனிந்து அந்த மண்டையோட்டை உள்ளங்கையால் மூடினீர்கள். கையை எடுக்கவேயில்லை. பிறகு சட்டென்று நிமிர்ந்து, "ஆரோ என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. உமக்குக் கேட்டதோ?" என்றீர்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இலங்கைப் போரில் காணாமல்போன உங்கள் தம்பிக்கு, இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடலாமே என்று சொந்தக்காரர் கேட்கும்போதெல்லாம் உங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது: "செத்ததைக் கண்டவை ஆரும் இருந்தால் வந்து சொல்லட்டும்."

நீங்கள் கண்ணை மூடியதும், உங்கள் மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வெம்பிளியில் இருக்கும் உங்கள் மாமா மகன் போன் எடுத்தார். "தம்பியின்ர பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடும். இல்லாட்டி சனம் என்ன நினைக்கும்?"

"என்னாலை ஏலாது அண்ணை" என்றேன். உயிரோடிருக்கும் சகோதரங்களோடு சேர்த்தே அவர் பெயரையும் போட்டேன்.

தகன மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒருவர் தனியே நின்றார். நரைத்த தாடி, மழையில் நனைந்த கோட்டு. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் வந்தார்.

"அக்கா கடைசியிலை கஷ்டப்பட்டவவோ?"

"இல்லை. நித்திரையிலைதான் போனவ."

தலையாட்டிவிட்டு நடந்தார். உங்களை எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. மாமா மகன்தான் வந்து என் கையைப் பிடித்தார். முகம் வெளிறியிருந்தது. "ஆரது? அந்த நடை எனக்குத் தெரியும்."

வாசல்வரை ஓடினேன். தெரு முழுக்க மழை. ஒருவரும் இல்லை.

அவர் யாரென்று இன்றுவரை தெரியாது, அக்கா. தேடித் தேடி ஆட்களைக் கண்டுபிடிப்பதே என் தொழில். அவரை மட்டும் அதன்பிறகு நான் தேடவில்லை. யாராக இருந்தாலும், நீங்கள் நோகாமல் போனீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.