மனைக்கல்லுக்கு நெல் மானியம்

ஜனவரி 9, செவ்வாய்

பனி. பாப்பாவுக்கு மறுபடி சளி, மூச்சு விடும்போது நெஞ்சில் சத்தம். துணி எதுவும் காயவில்லை. தாம்பரத்தில் வாங்க வேண்டியது: சளி மருந்து, ரவை, ஊக்கு.

நர்சரி ஸ்கூலில் பாடம் எடுத்துவிட்டு நான் திரும்பும்வரை பாப்பாவைப் பார்த்துக்கொள்வது கஸ்தூரி. இன்று அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் எதிரே நின்றிருந்தாள். மழையில் நெல் அழுகியவர்களுக்கு அரசாங்க மானியம். வாங்கியவர்கள் பெயரைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, எங்கூட்டுக்காரு பேரு அதுல இருக்குதான்னு பாரு."

இல்லை. என் மாமனார் பெயர் இருந்தது. வயலை மனை போட்டு விற்றதில் விற்காத நாலு மனையில், எல்லைக் கற்களுக்கு நடுவே உழுது நெல் போட்டது கஸ்தூரியின் புருஷன் மாரி. பாதி நெல் எங்களுக்கு. பட்டா மாமா பெயரில், அதனால் மானியமும்.

சொன்னேன். வேறென்ன செய்ய? டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருத்தர், "பெரியவரு மனைக்கல்லுக்கு உரம் போட்டாரு போல! எத்தினி மூட்டை கண்டுச்சாம்?" எல்லாரும் சிரித்தார்கள், கஸ்தூரியும். பாப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

10, புதன்

சளி குறையவில்லை. கஸ்தூரி வருவாளா என்று விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடை. வந்தாள். எப்போதும்போல.

மாலையில் மாரி. மாமா மானியப் பணத்தைத் தயாராக வைத்திருந்தார், முழுசையும். "பொங்கலுக்கு வெச்சுக்கோ மாரி." நல்ல மனசுதான்.

மாரி தொடவில்லை. "காசு வேணாம் பெரியவரே. பயிர் வெக்கிறது நான்னு ஆபீசுல பேரை ஏத்தச் சொல்லுங்க. அடுத்த தபா எனக்கே நேரா வரும்."

மாமாவின் முகம் மாறிவிட்டது. "உன் பேரு ஏறிட்டா அப்புறம் அந்த மனையை எவன்டா வாங்குவான்? கேக்கறதுக்கு ஒரு அளவு இல்ல?"

மாரி போன பிறகு அந்தப் பணத்தை யாரும் எடுக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்காமலே பெருக்கினேன்.

11, வியாழன்

ஆட்சேபணை இருந்தால் நாளைக்குள் மனு தரலாமாம், அதே சுவரில் போட்டிருக்கிறது. பாப்பா நெஞ்சில் எண்ணெய் தடவிக்கொண்டே கஸ்தூரி கேட்டாள்: "நீ எழுதித் தர்றியாக்கா?" அடுப்பைப் பார்க்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை மடித்தார். "அதுல ஒரு மனை பாப்பாவுக்குன்னு அப்பா சொல்லியிருக்காரு. ஞாபகம் இருக்கா, இல்லியா?"

இருக்கிறது. அது இல்லாவிட்டால் இவளுக்கு நாங்கள் என்ன வைக்கப்போகிறோம்? அவர் சம்பளம் வீட்டுச் செலவுக்கும் டாக்டருக்கும்.

சுவரில் ஒட்டாமலே இருந்திருக்கலாம் என்று இரண்டு நாளாக நினைப்பு. மாமா ஏதோ கொடுத்திருப்பார், மாரியும் கும்பிட்டு வாங்கியிருப்பார். எல்லாரும் நல்லவர்களாகவே இருந்திருப்போம். இப்படி நினைப்பது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

12, வெள்ளி

ராத்திரி பாப்பா நன்றாகத் தூங்கினாள். ஸ்கூலில் இன்றிலிருந்தே பொங்கல் லீவு. அரிசி ஊறப்போட்டேன்.

பத்து மணிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நாலு வரி. இந்த மனைகளில் மூன்று வருஷமாகப் பயிர் வைப்பவர் இவர், பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். மாரி கைநாட்டு வைத்து எடுத்துப்போனார்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து ஆள் வந்து மாமாவைக் கூட்டிப்போனார். இத்தனை நாள் மாமாவின் மனுக்களை எழுதியதும் நான்தான். என் எழுத்து அங்கே எல்லாருக்கும் பழக்கம்.

மாரியின் மனுவில் நான் கையெழுத்தை மாற்றி எழுதவில்லை. மாமா இன்னும் சாப்பிட வரவில்லை.