மூஞ்ச எடுக்காத, தண்ணிய எடு

இன்று காலை வீட்டில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி ஓடியது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மிக்ஸி என்பது என் ட்ரோனுக்கு நீ வைத்த பெயர். கடற்கரை மீட்புக் குழுவில் எல்லோருக்கும் அது ட்ரோன். நீ மட்டும், "இன்னாடா, உன் மிக்ஸி இன்னிக்கி அரைக்குமா?" என்பாய்.

கனகசெட்டிக்குளத்தில் பிறந்த நீச்சல்காரன் நீ. நானோ ரெட்டியார்பாளையத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ட்ரோன் ஓட்டத் தெரியும் என்பதற்காகத்தான் என்னைக் குழுவில் சேர்த்தார்கள். நீச்சல் தெரியாது. "தண்ணியில எறங்கவே பயம், இவன் உசுர காப்பாத்த வந்துட்டான்" என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி என் மானத்தை வாங்கினாய்.

நம் முதல் மீட்பை நான் மறந்ததில்லை. வெளியூர்ப் பெண் ஒருவர் கணவரின் செருப்பைக் கையில் பிடித்தபடி கரையில் அலறிக்கொண்டிருந்தார். கணவரைக் கடல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நீ பாய்ந்துவிட்டாய். நான் ட்ரோனை ஏற்றினேன். அதன் அடியில் ஒரே ஒரு மிதவை, தண்ணீரில் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும். என் கை பழகிய வேலையைத்தான் செய்தது. மணமேடையில் மாப்பிள்ளையின் முகத்துக்குப் போவதுபோல நேராக அந்த மனிதரின் முகத்துக்குப் போய், தலைக்கு நேர் மேலே மிதவையை விட்டேன். தரையிலிருந்து கடலை நோக்கி மேல்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டுவதற்குள் மிதவை கடலோடு ஓடிவிட்டது.

அதற்குள் நீ அவரை எட்டிப் பிடித்திருந்தாய். அவர் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உன்னையும் சேர்த்து அமுக்கினார். ஒருமுறை மேலே வந்தபோது அண்ணாந்து ட்ரோனைப் பார்த்து ஏதோ கத்தினாய், கையால் கரைப்பக்கத்தைக் காட்டினாய். ட்ரோனைத் திருப்பிக் கொண்டுவந்து இரண்டாவது மிதவையை மாட்டினேன். மூன்று தடவை அழுத்திய பிறகுதான் கொக்கி விழுந்தது. உன்னைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

இந்த முறை உங்களுக்குக் கரைப்பக்கமாக, தள்ளி விட்டேன். காற்றே அதை உன் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது.

அவரைக் கரை சேர்த்துவிட்டு, மணலில் மல்லாந்து மூச்சு வாங்கிக்கொண்டே நீ கேட்டாய்: "மாப்ள மூஞ்சி நல்லா வந்துச்சா?" நான் அழுதேன். "அழாதடா. மூஞ்ச எடுக்காத, தண்ணிய எடு. காத்து எங்கேந்து வருதுன்னு பாரு. அவ்ளோதான்." முதல் மிதவை என்ன ஆயிற்று என்று அதிகாரி கேட்டதற்கு, "நாந்தான் சார் கைய வுட்டுட்டேன்" என்று பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய்.

மறுநாளிலிருந்து காலைதோறும் பயிற்சி. நீ கடலில் போய் முழுகுபவன்போல் கையை ஆட்டுவாய், நான் மிதவை போடுவேன். "இன்னிக்கி எத்தினி தடவ சாவணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவாய். சரியாகக் கைக்கு வந்தால், "மெர்சி, மிஸ்யே" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, தலை குனிந்து வணக்கம் வைப்பாய். மூன்று வருடம் இப்படித் தினமும் செத்துப் பிழைத்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பிச் சட்டை போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தரையில் உயிர் போகிறவனுக்குப் போட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டார் உன் மனைவி. "தெனம் அவரத்தான படம் புடிச்சீங்கண்ணா, நல்லதா ஒண்ணு குடுங்க." பயிற்சி வீடியோ எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். அலை, நுரை, ஒரு கறுப்புத் தலை. உன் பேச்சைக் கேட்டு மூன்று வருடமும் தண்ணீரையே எடுத்திருக்கிறேன். உன் முகம் இருந்தது அந்த முதல் மீட்பின் வீடியோவில் மட்டும்தான். நெற்றியில் முடி ஒட்டிக்கிடக்க, பல் தெரிய, அண்ணாந்து பார்க்கிறாய். அதைத்தான் கொடுத்தேன். "சிரிச்ச மொகம்" என்று சொல்லி உன் மனைவி கையால் தடவிக்கொண்டே இருந்தார். நீ அப்போது என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தாய் என்று நான் சொல்லவில்லை.

போன வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி அலையில் மாட்டிக்கொண்டாள். முதலில் காற்றைப் பார்த்தேன், பிறகு தண்ணீரை. மிதவை நேராக அவள் கைக்குப் போனது. புதிதாகச் சேர்ந்த நம் நீச்சல்காரர் அவளைக் கரை சேர்த்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சு வாங்க நின்றார்.

எல்லாம் முடிந்த பிறகுதான்டா, ட்ரோனைத் தாழ இறக்கி, அவர் முகத்தை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டேன். திட்டாதே.