நீர்மாலை எடுக்காத வீடு

முக்கூடல்
18-1-93

இல்லை குமரா, யாரும் ஆற்றுக்குக் குடம் எடுத்துப் போகவில்லை. அப்பாவுக்கு நீர்மாலை நடக்கவில்லை, ஆற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டவும் இல்லை. அம்பலவாணன் சித்தப்பா உனக்கு எழுதியது எல்லாம் உண்மை. தடுத்தது நான்தான்.

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் காலையில் எழுந்துகொள்கிறேன், வேலைக்குப் போகிறேன். பொங்கல் வைக்கவில்லை. மஸ்கட்டில் லீவு தரவில்லை, மூத்த பிள்ளை இருந்தும் என்ன பயன் என்று எழுதியிருந்தாய். நீ வந்திருந்தாலும் உன் கையில் குடத்தைக் கொடுத்திருக்க மாட்டேன்.

வெள்ளம் வடிந்ததும் காலரா வந்தது. ஆற்றில் இறங்கக் கூடாது, தண்ணீர் எடுக்கக் கூடாது, காலராவில் இறந்தவர்களைக் குளிப்பாட்டாமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கலெக்டர் உத்தரவு. ஊர் நர்ஸ் என்று வீடு வீடாய்ப் போய் அதைச் சொன்னவள் நான். வயல் வேலைக்குப் போகிற சுடலைவடிவின் புருஷன் இறந்தபோது அவள் ஆட்கள் குடத்தோடு புறப்பட்டுவிட்டார்கள். படித்துறையில் குறுக்கே போய் நின்றேன். ஒரு குடம் நர்ஸம்மா, ஒரே ஒரு குடம் என்று என் காலைப் பிடித்தாள். நான் உத்தரவைச் சொன்னேன். அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதும் உன் அப்பா விடியுமுன் ஆற்றுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். முங்கி எழுந்து ஒரு கை அள்ளிக் குடிப்பார். கேட்டால், குடிக்கது என் வாயி, நான் பொறந்த ஆறு, இதுல கவர்மெண்டுக்கு என்ன சோலி, ஒன் உத்தரவையெல்லாம் ஊருல வச்சிக்கிடு என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஊரெல்லாம் கறாராகப் பேசிவிட்டு வந்து அவருடைய ஈர வேட்டியை வாங்கிக் கொடியில் போட்டேன். அவர் புறப்படும்போது ஒரு நாள்கூடக் கதவைச் சாத்தவில்லை.

பிறகு வாந்தி. இரண்டு நாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதன், ஒங்க வீட்டு விஷயம்க்கா, நான் ஒரு டீ குடிச்சிட்டுப் பைய வாரேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதினி, நீங்க அங்கிட்டுத் திரும்பி நின்னா போதும், ரெண்டு குடத்துல முடிச்சிருதோம் என்றார் சித்தப்பா. எனக்கும் திரும்பி நிற்கத்தான் ஆசை. அப்பாவின் உதட்டோரம் உப்புச்சர்க்கரைத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாய் இருந்தது, அதையாவது துடைக்க வேண்டும்போல் இருந்தது. பெரிய நியாயம் எதுவும் மனதில் ஓடவில்லை. படியில் உட்கார்ந்திருந்த சுடலைவடிவுதான் கண்ணில் நின்றாள். வேண்டாம் என்றேன்.

பதினாறாம் நாளுக்குச் சொந்தத்தில் யாரும் வரவில்லை. அவள் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். நீங்க எடுத்திருந்தா ஆயுசுக்கும் ஒங்கள வைஞ்சிக்கிட்டாவது கெடந்திருப்பேன் நர்ஸம்மா, அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டிய என்றாள்.

எனக்கும் வழியில்லை குமரா. இறந்தவருக்குச் சொன்ன உத்தரவை உயிரோடிருந்தவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இதை உன்னைத் தவிர யாருக்கு எழுத.

சித்தப்பாவுக்கு மரியாதையாகவே பதில் போடு, அவருக்கு அண்ணன் போய்விட்டார். என்மேல் கோபமாக இருந்தால் இரு, சாப்பாட்டை மட்டும் விடாதே. தலை நரைத்துக் கிழவனாகும்வரை நீ நோயில்லாமல் இருக்க வேண்டும். அங்கேயும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி, மறக்காதே.

உன் அம்மா
பிரம்மநாயகி

ஆற்றுத் தடையை நேற்று எடுத்துவிட்டார்கள். இதை எழுதி முடித்ததும் படித்துறைக்குப் போய் ஒரு குடம் முக்கிக்கொண்டு வந்தேன். எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்து இருபது நிமிஷம் கொதிக்கவிட்டேன்.