மோட்டார் கட்டினது நான்

ஞாயிறு, ராத்திரி.

வயிறு எரியுது. எழுதினாத்தான் தூக்கம் வரும்.

பொன்னேரி காயலான் கடையில அந்தப் பழைய ரெட்டைத் தொட்டி வாஷிங் மெஷினைக் கண்டுபிடிச்சது நான். "இந்தக் குப்பைய ஊட்டுக்கு எத்துக்கினு வராத"ன்னு கத்தினது என் வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டி கம்பெனியில மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுத்துறதுதான் என் வேலை. மூணு வாரமா ஷிப்ட் முடிஞ்சு வந்து, அந்த மோட்டார்ல எரிஞ்ச கம்பியைப் பிரிச்சுப் புதுசா சுத்திக் கட்டினேன். பெல்ட் மாத்தினேன். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். விரலெல்லாம் கீறல். அவர் ஒரே ஒரு நாள் டார்ச் பிடிச்சார்.

இன்னைக்குக் காலையில மெஷின் ஓடிச்சு. சத்தம் கேட்டு எதிர்வீட்டு மேரி அக்கா வந்தாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள இவர், "மோட்டார்தான் பேஜார் பண்ணிச்சுக்கா. வுடல, சரி பண்ணிட்டேன்"னார்.

"எங்க ஊட்டு மிஷினும் சுத்தல தம்பி, பாக்குறியா?"

"இன்னாக்கா, சாயங்காலமே வரேன்!"

சாயங்காலம் ஆனதும் என்கிட்ட வந்து, "நீயும் கூட வாயேன்"னு குழைஞ்சார். "நீங்கதான மெக்கானிக்கு, போய்ட்டு வாங்க"ன்னுட்டேன்.

அரை மணி நேரத்துல மேரி அக்காவே வந்து நின்னாங்க. "மூடியக் கயட்டிட்டு முயிச்சுக்கினு நிக்கிறாரும்மா. உங்க மிஷினைச் சரி பண்ணினது நீதானாமே? அவரே சொன்னாரு."

போய்ப் பார்த்தேன். தொட்டிக்கு அடியில ஒரு சாக்ஸ் சிக்கியிருந்தது. எடுத்துக் கொடுத்துட்டு வந்தேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கினு பின்னாடியே வந்தார்.

அக்காகிட்ட சொன்னவர், அதைக் காலையிலேயே என் எதிர்ல சொல்லியிருந்தா, இந்நேரம் நான் தூங்கியிருப்பேன்.