இடமிருந்து வலம், ஒன்பது

ஞாயிறு, ஆகஸ்ட் 10, 1958

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி இவர் வேட்டியைப் போட்டேன். ஒரே புகை நாற்றம்.

இன்றும் யாரும் வரவில்லை. முன்பெல்லாம் ஞாயிறு என்றால் தங்கவேலு அண்ணன், பீட்டர் அண்ணன் இருவரும் காபிக்கே ஆஜர். வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கத்தை நடுவில் விரித்து, இவரோடு சேர்த்து மூன்று தலையும் முட்டிக்கொள்ளும். சோறு ஆறும். சண்டை ஓயாது. அப்போது எனக்கு எரிச்சல்.

ஆனி மாதம் இவருக்கு வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்ற பிறகு ஒரே முறை வந்தார்கள். பீட்டர் அண்ணன் குறிப்பை எழுத்துக் கூட்டி, குழந்தைக்குச் சொல்வது போல் படித்தார். இவர் இடது கையால் தாளைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தார். அதோடு சரி.

டாக்டர் சொல்வது: காது கேட்கிறது, புத்தி தெளிவு, வார்த்தைதான் வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். எதைப் பேச? கத்தரிக்காய் விலை வரை பேசி முடித்தாயிற்று.

விடப்போவதில்லை.

வியாழன், 14

மில் ஷிஃப்ட் முடிந்து நேராகத் தங்கவேலு அண்ணனின் தையல் கடை. அடுகோடித் தெரு முழுக்கச் சேறு. செருப்பு வார் அறுந்தது.

"ஏண்ணா வர்றதில்ல?"

கத்தரியைக் கீழே வைக்கவில்லை. "எப்டிம்மா வர்றது? எங்க ரெண்டு பேருக்கும் சேத்து யோசிச்சவரு செல்வராஜு. அவரு எதிர்ல குந்திக்கினு நாங்க கட்டம் ரொப்பறதும், அவரு சும்மா பாத்துக்கினு கெடக்கறதும்... மனசு தாங்கலம்மா."

"அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் போடறேன்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். துணி வெட்டும் மேஜையிலேயே சாக்குக் கட்டியால் எழுதிக் காட்டினார்: 'சோர்ந்துபோக ஒரு கரம், மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் கேட்பார். மூன்றெழுத்து.'

சோர்ந்துபோக என்றால் வாட. கரம் என்றால் கை. வாட, கை. வாடகை!

இதற்குத்தானா இத்தனை வருஷம் இந்தக் கூத்து. ஆனால் வீடு வந்து சேரும் வரை வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெள்ளி, 15

மில் லீவு. தெருவில் கொடி, மிட்டாய்.

பத்திரிகை வாங்கினேன். கட்டில் பக்கம் உட்கார்ந்து படித்தேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பட்டும்.

'பல்லால் செய், மிளகாயில் இருக்கும். சுவரில் ஓடும். ஐந்தெழுத்து.' பல்லி என்றுதான் தோன்றியது, எழுத்து போதவில்லை. மத்தியானம் சட்னி அரைக்கும்போது கிடைத்தது: கடி, காரம். கடிகாரம். ஈரக் கையோடு ஓடிப்போய் எழுதினேன், தாள் கிழிந்தது. இவர் முதுகு அசைந்த மாதிரி இருந்தது. நிச்சயமில்லை.

சாயங்காலம் தங்கவேலு அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்: ஞாயிறு கட்டாயம் வரணும், பீட்டர் அண்ணனும். இவரைப் பாவமாகப் பார்க்கக் கூடாது. பழைய மாதிரி சண்டை போடணும்.

ஞாயிறு, 17

வந்தார்கள். முதலில் கோயிலில் உட்கார்ந்த மாதிரி. நான்தான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் ஏறியது.

இடமிருந்து வலம், ஒன்பது. 'அவள் சூடியது, நிற்க நேரமில்லை. ஐந்தெழுத்து.' மூன்றாவது ச, கடைசி ம் ஏற்கெனவே விழுந்திருந்தது.

"பூச்சரம்!" என்றேன். எண்ணிப் பார்த்தோம், ஐந்து.

"சபாஷ் தங்கச்சி," என்று பீட்டர் அண்ணன் பேனாவாலேயே எழுதிவிட்டார். நிற்க நேரமில்லை என்பது எங்கே போயிற்று என்று யாருமே கேட்கவில்லை.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். இருமல் என்று நினைத்தேன்.

"தப்பு."

மூவரும் திரும்பினோம். இவர் எங்களைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்து முறைக்கிறார். மறுபடியும், கோபமாக: "தப்பு!"

தங்கவேலு அண்ணன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, "ஏனாயித்து? என்னம்மா ஆச்சு?" என்று கரண்டியோடு ஓடி வந்தார். நான் அழுதேனா, தெரியவில்லை. காபி பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

"அப்ப எதுப்பா சரி? சொல்லு, சொல்லு," என்று பீட்டர் அண்ணன் குனிந்தார். இவர் வாயைத் திறந்தார். வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, வேர்த்து, கண்ணில் தண்ணீர்.

"விடுங்கண்ணா. நாமளே கண்டுபிடிக்கலாம்," என்றேன்.

கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கள், 18

வெயில். வேட்டி காய்ந்தது.

மில் வாசலில் இரண்டு பெண்கள், முன்னால் போகிறவளின் கொண்டையைக் காட்டி: "அவ சரத்தப் பாருடி, எவ்ளோ நெருக்கமா கட்டிக்கீது."

அவ சரம்.

வீடு வரை ஓட்டம். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. "அவளோட சரம், அவ சரம்! நிக்க நேரமில்ல, அவசரம்! சரிதானே?"

என்னையே பார்த்தார். தலை ஆடியது, ஆமாம், ஆமாம் என்று. வாய் என்னவோ, "தப்பு," என்றது.

அதைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். பிறகு ஒரு பக்கத்து வாயால் சிரிப்பு. ஆனி மாதத்துக்குப் பிறகு இப்போதுதான். நானும் சிரித்தேன், மூச்சு முட்டும் வரை.

இருப்பது இந்த ஒரு வார்த்தைதான். இருக்கட்டும். இடது கை விரல் தாளில் நகர்ந்து, மேலிருந்து கீழ் பதினொன்றில் நின்று தட்டுகிறது. உலை வைக்கவில்லை இன்னும். குறிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.