பத்தானிக்கு வருகிறேன் என்று சொன்னது

பாடாங் செராய்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் லோகேந்திரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அந்தக் கடலின் நடுவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் நம் குடியிருப்புத் தாமானைச் சுற்றி நடக்கிறாள், கூடப் போனால் நான் மெதுவாக நடக்கிறேன் என்று என்னைத் திட்டுகிறாள். வாசல் ரம்புத்தான் கொத்துக் கொத்தாகக் காய்த்தது, பாதியை அணில் தின்றுவிட்டது. உன் கப்பலில் வேலை செய்யும் சைபுல் லீவு முடிந்து கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். போன வாரம் நீ கூப்பிட்டு, கேம் எப்படிப்பா போகுது என்று சிரித்துக்கொண்டு கேட்டபோது, நல்லா போகுதுய்யா என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ கிளம்பும்போது என்ன சொல்லிவிட்டுப் போனாய்? கூட்டாளிகளோடு கம்ப்யூட்டரில் ஆடுகிற அந்தப் பழைய காலத்துப் போர் ஆட்டத்தில் உன்னுடைய கெடா ராஜ்யத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிறு மத்தியானம் எல்லாரும் கூடும்போது வந்து உட்கார்ந்தால் போதும், சண்டைக்குப் போகவேண்டாம், யாராவது கேட்டால் அப்பாதான் ஆடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள் என்றாய். முதல் ஞாயிறே ஷீலா எழுதினாள், "லோகா, கப்பல்ல லைன் கிடைச்சிருச்சா? சாப்டியா?" என்று. நீ ஊருக்கு வந்ததும் அலோர் ஸ்டாருக்குப் போய்ப் பெண் கேட்கலாம் என்று நாம் பேசி வைத்திருக்கிற அதே ஷீலாதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் லோகா இல்லைம்மா, அங்கிள் என்று அப்போதே எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. சொன்னால், ஓ அங்கிளா, சரி சரி என்று என்னை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பட்டது. சாப்பிட்டேன் என்று எழுதினேன். அதை இப்போது நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு சயாம் படை கிளம்பி வந்தது. சயாம் ராஜ்யத்தை ஆடுவது கூலிம் ஃபேக்டரியில் வேலை செய்யும் உன் கூட்டாளி ஜெயகுமார் என்பது உனக்குத் தெரியும். நம் படையை எடுத்து அவன் படைக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது, அவனிடம் யானைகள் வேறு. அவன் முதலில் ஷீலா ஆடும் பத்தானி ராஜ்யத்தின் கோட்டையைச் சுற்றி வளைத்தான். உனக்கும் அவளுக்கும் ஆட்டத்தில் ஒப்பந்தம் இருக்கிறதல்லவா, யாரை அடித்தாலும் மற்றவர் உதவிக்கு வரவேண்டும் என்று. "நான் கோட்டைக்குள்ளயே இருக்கேன், நீ வர்றியா?" என்று எனக்கு மட்டும் தனியாக எழுதிக் கேட்டாள். வர்றேன் என்று எழுதினேன். எழுதும்போது போகத்தான் நினைத்தேன், அதை மட்டும் நீ நம்பவேண்டும். ஆனால் அங்கே போனால் இரண்டு பேரும் சேர்ந்து அழிவோம் என்று பிறகு தெரிந்தது. இத்தனை வருடம் லாரி ஓட்டியவன் புத்தி பாதையைத்தான் பார்க்கும். சயாம் படைக்கு அரிசி முழுக்க சிங்கோராத் துறைமுகம் வழியாக வருகிறது, அங்கே காவலுக்கு ஆள் இல்லை. படையைத் திருப்பி அந்தப் பக்கம் கொண்டு போனேன். பத்தானி எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவு நேரம் ஜெயகுமார் திரும்பிப் பார்க்கமாட்டான், அதனால் அவள் கேட்கக் கேட்க, இன்னும் கொஞ்சம் தாங்கு, பக்கத்துல வந்துட்டேன் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் அவள் ஷீலா என்பதே எனக்கு மறந்துவிட்டது. பத்தானி என்று மட்டும்தான் இருந்தது. கோட்டை விழுந்தது. உள்ளே போன சயாம் படைக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை, நான் சிங்கோராக் களஞ்சியங்களை எரித்துவிட்டேன், மழைக்காலமும் பிடித்துக்கொண்டது. திரும்பிப் போக வழியில்லாமல் யானையும் ஆளுமாகச் செத்து, கடைசியில் ஜெயகுமார் சரணடைந்தான். "லோகா, நீ கிலா லா, சரியான பைத்தியம்! இப்படி யாரும் ஜெயிச்சதே இல்ல" என்று எழுதினான், எல்லாரும் உன்னைப் புகழ்ந்து எழுதினார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினேன் ஐயா.

சாப்பிடும்போது அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு என்னங்க சொன்னா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கடைசியில் அவள் எழுதியதை நான் பார்க்கவே இல்லை. போய்ப் பார்த்தால், எங்க இருக்க, எங்க இருக்க என்று வரிசையாக இருந்தது, கடைசியில் சரி என்று ஒரு வார்த்தை, அதோடு ஆட்டக் குழுவை விட்டே போய்விட்டாள். கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட அம்மா அவளுக்குப் போன் போட்டாள், அவள் எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஷீலாவின் அம்மா பிரேமாவதி கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்குள்ள என்னவோ ஆகிருச்சுங்க, பொண்ணு கேக்க வர்ற பேச்சு இப்ப வேணாம்ங்கறா" என்றார். அம்மா என் தட்டில் சோற்றை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே பஸ் ஏறி அலோர் ஸ்டார் போனேன். ஷீலா வேலை செய்யும் பல் கிளினிக் வாசலில் நின்று, அவள் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். "எல்லாம் நீங்களா அங்கிள்? சாப்டியான்னு கேட்டேனே, அதுவுமா?" என்றாள். தலையாட்டினேன். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. கேம்தானேம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. பிறகு அவள் சொன்னாள், "ஊரு போச்சேன்னு எனக்குக் கோவம் இல்ல அங்கிள். உங்க பிளான் நல்ல பிளான். சயாமை இங்கயே பிடிச்சு வை, நான் அந்தப் பக்கம் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே சரின்னு இருந்திருப்பேன். நீங்க கேக்கவே இல்ல. வர்றேன்னு சொல்லி உக்கார வச்சிட்டீங்க. லோகா இப்படியான்னு நெனச்சு நான் சரியா தூங்கல." அவள் குரலை உயர்த்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, ஆடியது காளிதாசன், லோகேந்திரனின் அப்பா, ஷீலாவிடம் அவன் பெயரில் பொய் சொன்னது நான்தான் என்று குழுவில் எழுதினேன். ஜெயகுமார், "அங்கிள், அடுத்த ஆட்டத்துக்கு எங்க பக்கம் வாங்க லா" என்று சிரித்து எழுதினான், அது எனக்கு இன்னும் குத்தியது. நான் இனி உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், உன் கெடாவை இப்போது கம்ப்யூட்டரே ஆடுகிறது.

கிளினிக் வாசலில் கிளம்பும்போது, நாங்கள் வீட்டுக்கு வரலாமா என்று ஷீலாவிடம் கேட்டேன். "லோகா வரட்டும் அங்கிள், அவன்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்றாள். நான் கொண்டுவந்த பதில் அவ்வளவுதான். உன் பேரில் அவளிடம் பேச இனி எனக்கு யோக்கியதை இல்லை, பேசவும் மாட்டேன். சாட்டிலைட் போனில் உன் முறை வரும்போது எங்களைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிடு. என்னைக் காப்பாற்றி ஒன்றும் பேசவேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல். முடியாததை முடியும் என்று மட்டும் சொல்லாதே. மழையில் டெக்கில் நிற்காதே, அம்மா கொடுத்தனுப்பும் தைலத்தைத் தேய்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் தெய்வம் துணையிருந்து நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும், உன் நல்ல பெயரும் உனக்குத் திரும்பிக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்கக் கூசும் அப்பா,
காளிதாசன்